மீதி அரை மாத்திரை

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெராக்ஸ் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். இருந்தும் ஜெராக்ஸ்காரர் கடையைத் திறந்து வைத்திருப்பார். வீட்டில் இருந்தாலும் யாரும் வரப்போவதில்லை. கடையிலாவது மெஷின் சூடாக இருக்கும் என்பது அவர் வாதம்.

கடையின் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவே போட்ட மேசையில் லிப்ட் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி, நின்றுபோன லிப்ட்கள் ஏன் நின்றன என்று எழுதிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவரைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்தார்கள். அவர் மறுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. தொலைந்த சாவி, மொட்டைக் கடிதம் என்று ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கியபோது, குறிப்பு எழுதும் வேலையை ஜெராக்ஸ்காரர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். எழுதியதை மூன்று பிரதி எடுப்பார். மூன்றையும் அவரே வைத்துக்கொள்வார்.

அன்று மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். தலைமுடி இப்போதுதான் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, சீட்டுக்கட்டு போல வரிசையாகப் பரப்பினார்.

"பின்பக்கத்தை ஒரு காப்பி எடுங்கண்ணா."

பின்பக்கம் பொடி எழுத்தில் எண்கள் இருந்தன. 49, 45. அடுத்தது 38, 31. பிறகு 24, 17. கடைசியாக 10, 3.

"என்னம்மா இது, லாட்டரி நம்பரா?"

"பரிசு விழுந்தா சொல்றேண்ணா" என்ற அந்தப் பெண், சிரிக்காமல் பின்பக்க மேசையைப் பார்த்தார். "இன்ஸ்பெக்டர் சார்ங்கிறது அவங்கதானே? காப்பி சும்மா சாக்கு. அவரைத்தான் பாக்க வந்தேன்."

ஜெராக்ஸ்காரர் ஏற்கெனவே நோட்டைத் திறந்திருந்தார்.

அந்தப் பெண் பொத்தான் கம்பெனியில் எண்ணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவர். பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு பொத்தான். பதினெட்டு வருடம்.

"உள்ளங்கையில அள்ளினாப் போதும் சார், பாக்காமலே பன்னெண்டுன்னு தெரியும். பதிமூணு வந்துட்டா கை கூசும். போன வருஷம் மார்புல கட்டி. ஆபரேஷன், ஊசி மருந்து, ரேடியேஷன்னு கரண்ட் வைக்கிறது எல்லாம் முடிஞ்சுது. ஊசி மருந்துல விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. இப்ப கண்ணாலதான் எண்ணுறேன்."

"இது என்ன மாத்திரை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு தினமும் ரெண்டு. காலையில ஒண்ணு, கட்டி திரும்ப வராம இருக்க. அதை அஞ்சு வருஷம் போடணும். சாயங்காலம் ஒண்ணு, மனசுக்கு. எல்லாம் முடிஞ்சு, எல்லாரும் கைகுலுக்கிட்டுப் போனதுக்கப்புறம்தான் சார் எனக்கு அழுகையே வந்துச்சு. நிக்கவே இல்ல, குழாய்ல வாஷர் போன மாதிரி. அதுக்குத்தான் இந்த மாத்திரை. போட்டதுல மனுஷி ஆனேன். அந்த மாத்திரைதான் குறையுது."

கணக்கு எளிமையானது. மனசு மாத்திரை மொத்தமாக ஐம்பத்தாறு வாங்கியிருந்தார், எட்டு வாரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழு மாத்திரைகளை எடுத்து, ஏழு மூடி போட்ட டப்பாவில் நாளுக்கொன்றாக நிரப்புவார். மீதி எத்தனை என்று அட்டையின் பின்னால் எழுதுவார். வாரம் முழுக்க டப்பாவிலிருந்துதான் எடுப்பார். ஆகவே அடுத்த ஞாயிறு, நிரப்புவதற்கு முன்னால், அதே எண் இருக்க வேண்டும்.

"நாப்பத்தொன்பது இருந்துச்சு, நாப்பத்தஞ்சு ஆயிடுச்சு. அடுத்த வாரம் ஏழு குறைஞ்சுது. அதுக்கடுத்தும் ஏழு, ஏழு. இன்னிக்குக் காலையில பாத்தா மூணுதான் இருக்கு. டப்பாவை நிரப்பக்கூட வழியில்ல."

"வீட்டில யார் யார்?"

"வீட்டுக்காரர். அவரோட தங்கச்சி, அதாவது என் நாத்தனார். ஆபரேஷன் சமயத்துல உதவிக்கு வந்தா, இன்னும் இருக்கா. ரெண்டு பேரையும் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. 'நீ எடுத்துட்டு மறந்திருப்பே.'"

அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். விரல்கள் ஒரு அட்டையைத் தவறவிட்டன, குனிந்து எடுத்தார்.

"மறதி இருக்கு சார், இல்லேன்னு சொல்லல. பால் பொங்கினா அடுப்பு எதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். புதன்கிழமை டாக்டரைப் பாக்கணும். வேலைக்குத் திரும்பலாம்னு சர்ட்டிபிகேட் தரணும் அவர். 'மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா'ன்னு கேப்பார். நானேதான் ரெண்டு ரெண்டா முழுங்கிட்டு மறந்துட்டு இருக்கேன்னா, அதைச் சொல்லிட்டு வேலையை விட்டுடுவேன். எண்ணத் தெரியாதவளுக்கு எண்ணிக்கை டேபிள்ல என்ன வேலை? யார் எடுக்கறாங்கன்னு எனக்கு வேண்டாம் சார். எடுக்கிறது நானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஜெராக்ஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். அவருடைய அனுபவத்தில், குற்றவாளி வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"லிப்ட் நின்னுட்டா" என்றார் இன்ஸ்பெக்டர், "எல்லாரும் கடைசியா ஏறினவரைத்தான் முறைப்பாங்க. அவரும் தன் எடையாலதான் நின்னுதுன்னு வெட்கப்பட்டுட்டு நிப்பார். முப்பத்தோரு வருஷத்துல அது உண்மையா இருந்தது ரெண்டே தடவை. நாளைக்கு சாயங்காலம் வர்றோம்."

*

வீடு நாலாவது மாடி. லிப்ட் நன்றாகவே ஓடியது. இன்ஸ்பெக்டர் படியேறினார்.

"நல்லாத்தானே இருக்கு சார்?" என்று மூச்சிரைத்தார் ஜெராக்ஸ்காரர்.

"இருக்கு. ஆனா நான் அதோட ரிப்போர்ட்டைப் படிச்சிருக்கேன்."

படியேறுவதற்கு முன்பே கீழே ஒரு காட்சியைப் பார்த்திருந்தார்கள். வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று இன்ஜின் அணைந்து நின்றது. அதில் ஒரு மனிதர், டிரைவர் சீட்டில் அல்ல, பக்கத்தில் சொல்லிக்கொடுப்பவரின் சீட்டில், கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தது நாத்தனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலேயே விசில் ஊதுகிற குரல்.

"வாங்க சார். அண்ணி சொன்னாங்க. பாருங்க, நல்லாப் பாருங்க. என்னைக் கேட்டா, மனசுக்கு எதுக்கு சார் மாத்திரை? காலையில நாலு ரவுண்டு நடந்தா மனசு தானா வழிக்கு வரும். ஆறு மாசமா அண்ணிகிட்ட தலைதலையா அடிச்சுக்கறேன்."

ஜெராக்ஸ்காரரின் பேனா துள்ளியது. 'நாத்தனார். மாத்திரை மேல் பகை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

மருந்தெல்லாம் சமையலறை அலமாரியின் ஒரே தட்டில் இருந்தன. ஏழு மூடி டப்பா. ஏறக்குறைய காலியான அட்டை. மாத்திரையைப் பாதியாக வெட்டுகிற, உள்ளே பிளேடு வைத்த சிறிய பிளாஸ்டிக் பெட்டி. ஓரமாக வேறொரு மருந்துப் பெட்டி. அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாகக் 'கூடாது' என்று எழுதியிருந்தது. பிரிட்ஜ் கதவில் மனசு மாத்திரைக்கு டாக்டர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது: முதல் வாரம் அரை மாத்திரை, சாப்பிட்ட பிறகு. அடுத்த வாரத்திலிருந்து முழு மாத்திரை.

"கூடாதுன்னு எழுதினது யார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்" என்றார் அந்தப் பெண்; ஜெராக்ஸ்காரரின் நோட்டில் அவர் 'பொத்தான் அம்மா'. "முதல்ல அந்த மாத்திரைதான் கொடுத்தாங்க. பத்து நாள் போட்டேன். அப்புறம் மாத்திட்டாங்க. மாத்தினப்ப முதல் ஒரு வாரம் அரை அரையா. என் விரல்ல பிடிக்க முடியல, இவதான் வெட்டிக் கொடுத்தா."

"அரை அரையா போட்ட அட்டையும் இதே ரோஸ் கலர்தானா?"

"இல்ல சார், மஞ்சள். இந்த ஐம்பத்தாறும் வாங்கறப்பதான் வேற கம்பெனி. மருந்து ஒண்ணுதான், கலர்தான் வேறன்னு கடையில சொன்னாங்க."

இன்ஸ்பெக்டர் வெட்டும் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூலையில், பிளேடுக்கு அடியில், ரோஸ் நிறத்தில் பாதி மாத்திரை கிடந்தது. மூடிவிட்டு, 'கூடாது' பெட்டியைத் திறந்தார். அதில் இருபது மாத்திரைகள் மீதமிருந்தன.

"மூணு அட்டை வாங்கினோம். பத்துதான் போட்டேன். சரியா இருக்கு" என்றார் பொத்தான் அம்மா.

"ஏன் மாத்தினாங்க?" என்று இன்ஸ்பெக்டர் நாத்தனாரைக் கேட்டார்.

"நான்தான் சார் கூட உள்ளே போனேன். கேன்சர் டாக்டர் பாத்துட்டு, அண்ணியோட அஞ்சு வருஷ மாத்திரை உடம்புக்குள்ள போய் முழுசா வேலை செய்ய விடாம இது குறுக்கே நிக்கும்னார். மத்தபடி நல்ல மருந்துதானாம், வேற யாரும் போடலாமாம், அண்ணிக்குத்தான் ஆகாது. குறுக்கே நிக்காதது ஒண்ணு இருக்குன்னு இதுக்கு மாத்தினார்."

அப்போது வாசல் கதவு திறந்தது. காரில் இருந்த மனிதர் வந்தார். இவர்கள் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"வீட்டுக்காரர்" என்றார் பொத்தான் அம்மா.

டிரைவிங் மாஸ்டர் மரியாதையாக வணங்கினார், உட்காரச் சொன்னார், டீ போடச் சொன்னார். எல்லாவற்றையும், முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விடுவது போல, ஒரு நொடி தாமதித்துச் செய்தார்.

"நீங்க டாக்டர்கிட்ட கூடப் போறதில்லையா மாஸ்டர்?"

"போவேன் சார். நான்தானே வண்டி ஓட்டறது. ஆனா உள்ளே போகமாட்டேன். அந்த ரூம்ல... நான் வெளியவே உக்காந்துடுவேன்."

"இந்தப் பழைய மாத்திரையை ஏன் நிறுத்தினாங்க?"

"அதுவா? கெட்ட மாத்திரை சார். உடம்புக்கு ஆகாததாம். இன்னும் ஏன் வீட்டுல வெச்சிருக்கான்னு தெரியல."

"சரி" என்றார் இன்ஸ்பெக்டர். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

*

இறங்கும்போது ஜெராக்ஸ்காரரால் இரண்டாவது மாடிக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"நாத்தனார்தான் சார்! மாத்திரையே பிடிக்காது. வெட்டத் தெரியும். வாயும் நீளம்."

"வாய் நீளமானவங்க மாத்திரையை எடுத்தா, மொத்தமா எடுத்து ஜன்னல் வழியா வீசிட்டு, அரை மணி நேரம் லெக்சர் கொடுப்பாங்க. வாரத்துக்கு ஏழு ஏழா எடுக்கிற பொறுமை அவங்களுக்கு இருக்கா?"

"அப்ப?"

"நீங்க தனியாத்தானே இருக்கீங்க, ஜெராக்ஸ்?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும்..."

"உங்களுக்கு ஜுரம் வந்தா யார்கிட்ட சொல்வீங்க?"

ஜெராக்ஸ்காரர் யோசித்தார். ஒரு மாடி முழுவதும் யோசித்தார். "கடையில போர்டு மாட்டுவேன்" என்றார் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ஜெராக்ஸ்காரர் குறிப்புக்குப் பிரதி எடுக்கவும் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் நின்றார். மேசைமேல் மூன்று பொருட்கள்: அட்டைகள், வெட்டும் பெட்டி, 'கூடாது' பெட்டி.

"அம்மா, நீங்க கேட்டது ஒரே கேள்வி. பதில் சொல்றேன். எடுத்தது நீங்க இல்ல."

பொத்தான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிரூபிச்சாத்தான் சார் நம்புவேன். நான் பொத்தானையே ரெண்டு தடவை எண்ணுறவ."

"நிரூபிக்கிறேன். நாலு வாரத்துல குறைஞ்சது நாலு, ஏழு, ஏழு, ஏழு. பின்னாடி வர்ற ஏழு புரியுது, நாளைக்கு ஒண்ணு. முதல் வாரம் மட்டும் ஏன் நாலு?"

"அந்த வாரம் கொஞ்சம் கம்மியா..." என்று தொடங்கினார் ஜெராக்ஸ்காரர்.

"பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற சீட்டைப் படிங்க ஜெராக்ஸ். முதல் வாரம் அரை மாத்திரை. ஏழு நாள், ஏழு அரை. கூட்டினா எவ்வளவு?"

"மூணரை."

"மூணரைக்கு அட்டையைக் கிழிச்சா நாலு வெளியே வரும். மிச்சம் ஓர் அரை." இன்ஸ்பெக்டர் வெட்டும் பெட்டியைத் திறந்து காட்டினார். "திருடின மாத்திரையை முழுங்கிடலாம். மிஞ்சின அரையைத் திரும்ப அட்டைக்குள்ள ஒட்ட முடியாது. தூக்கிப் போட மனசு வரல. இதுலயே இருக்கு. நிறம் ரோஸ். நீங்க அரை அரையா போட்ட காலத்துல மாத்திரை மஞ்சள். அதனால இது உங்க பழைய மிச்சம் இல்ல."

"நானே மறந்துபோய், திரும்ப முதல் வாரம்னு நினைச்சு வெட்டியிருந்தா?" என்றார் பொத்தான் அம்மா. தன்னை விட்டுவிட அவருக்கு அவசரமே இல்லை.

"பிடிச்சு வெட்ட உங்க விரல் விடாது. அதுவும் போகட்டும். மறதின்னா ஒரு நாள் ரெண்டு போடும், ஒரு நாள் போடாது. எண்ணிக்கை தாறுமாறா இருக்கும். இது ஏழு நாள் கணக்கா அரை போட்டு, எட்டாம் நாள் கணக்கா முழுசுக்கு மாறி, அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறல. இது மறதி இல்லம்மா. யாரோ ஒருத்தர் புதுசா வைத்தியம் ஆரம்பிச்சிருக்கார். டாக்டர் இல்லாம, டாக்டர் சொன்னபடி."

பொத்தான் அம்மா இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார். "அவ்வளவுதான் சார் எனக்கு வேணும்."

இன்ஸ்பெக்டர் குடையை எடுத்தார். ஜெராக்ஸ்காரருக்கு வாயில் வைத்த லட்டைப் பிடுங்கியது போல இருந்தது.

"சார், யாருன்னு?"

"கேட்டது அது இல்ல."

"நில்லுங்க!" நாத்தனாரின் குரலுக்கு மைதானமே நின்றிருக்கும். "அண்ணி இல்லேன்னா மீதி நாங்க ரெண்டு பேர். வெட்டிக் கொடுத்தது நான். இந்த ஜெராக்ஸ் சார் வேற நேத்துலேர்ந்து என்னையே முறைக்கிறார். சந்தேகத்தை என் தலையில கட்டிட்டுக் குடையை எடுத்தா எப்படி? நான்னா நான்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் பொத்தான் அம்மாவைப் பார்த்தார். அவர் மெல்லத் தலையசைத்தார்.

"நீங்க இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "யாருக்கும் தெரியாம மனசு மாத்திரை வேணும்னா, இந்த வீட்டுல சுலபமான வழி ஒண்ணு இருந்துச்சு." 'கூடாது' பெட்டியைத் தொட்டார். "வேண்டாம்னு ஒதுக்கினது. யாரும் தினம் எண்ணிப் பாக்காதது. உங்களுக்கு இது அண்ணிக்கு மட்டும்தான் ஆகாது, மத்தவங்க போடலாம்னு தெரியும், டாக்டர் சொல்றப்ப உள்ளே இருந்தீங்க. நீங்க எடுத்திருந்தா இதிலேர்ந்துதான் எடுத்திருப்பீங்க. ஆனா இதுல ஒண்ணுகூடக் குறையல. எடுத்தவருக்கு இது எல்லாருக்குமே கெட்ட மாத்திரை. அவர் டாக்டர் பேசினதைக் கேக்கல. சிவப்பு எழுத்தை மட்டும்தான் பாத்தார்."

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததே திரும்பியது போல இருந்தது.

டிரைவிங் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேப்பாங்க, வீட்டுல எப்படி இருக்காங்கன்னு. நல்லா இருக்காங்கன்னு சொல்வேன். அதோட பேச்சு முடிஞ்சிடும்." அவர் மேசையைப் பார்த்தே பேசினார். "கத்துக்க வர்ற பசங்க பிரேக்கை மறந்தா என் பக்கத்து பிரேக்கை நான் மிதிக்கணும். ஒரு நாள் மிதிக்கத் தோணல. சும்மா பாத்துட்டு இருந்தேன். சுவத்துக்கு ஒரு சாண் இருக்கறப்ப அந்தப் பொண்ணே மிதிச்சுட்டா. அன்னிக்குத்தான் சீட்டைப் படிச்சேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன அண்ணா?" என்றாள் தங்கை. குரலில் விசில் இல்லை.

"என்னன்னு சொல்றது? கட்டி அவளுக்கு, கத்தி அவளுக்கு, முடி கொட்டினது அவளுக்கு. எனக்கு என்ன கேடுன்னு கேக்க மாட்டாங்களா?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும் மாஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "அவங்க மருந்து உங்களுக்குப் பொருந்துமான்னு நீங்களா முடிவு பண்ணினது தப்பு. அதுக்காக இன்னியோட நீங்களா நிறுத்தறதும் தப்பு."

மாஸ்டர் தலையாட்டினார். பிறகு முதல் தடவையாக மனைவியைப் பார்த்தார். "எடுக்க ஆரம்பிச்சப்ப, நீ எண்ணுவேன்னு எனக்குத் தெரியாது."

"பதினெட்டு வருஷமா எண்ணுறேன்" என்றார் பொத்தான் அம்மா. "உங்களுக்குத் தெரியாது." அவர் குரல் உயரவில்லை. "மாத்திரை போனா போகட்டும், கேட்டிருந்தா பாதி கொடுத்திருப்பேன். ஆனா நான் வந்து கேட்டேன். குறையுதே, நான் சரியில்லையான்னு கேட்டேன். என் முகத்தைப் பாத்து, 'நீ மறந்திருப்பே'ன்னு சொன்னீங்க. மூணு வாரம் நான் எனக்கே காவல் இருந்தேன். சாயங்காலமானா டப்பாவைத் தொட பயம். அதை மறக்கவே மாட்டேன். எழுதி வெச்சுக்கோங்க, மறக்கவே மாட்டேன்."

மாஸ்டர் மேசைமேல் இருந்த அட்டைகளை அடுக்கி மனைவி பக்கம் நகர்த்தினார். நாத்தனார் எழுந்து, யாருக்கும் வேண்டாத டீயைப் போட உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் ஓசையில்லாமல் வெளியேறி, முதல் படியில் இறங்கிவிட்டார். ஜெராக்ஸ்காரர் வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். கதவு இன்னும் சாத்தப்படவில்லை.

"ராத்திரியில தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று பொத்தான் அம்மாவின் குரல் கேட்டது.

"இல்ல. உனக்கும் வர்றதில்லையே."

"எனக்கு வர்றதில்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல முழிச்சிட்டுத்தானே படுத்திருக்கேன். நீ என்னை எழுப்பிடக் கூடாதுன்னு மெதுவா மூச்சு விடறது கேக்கும்."

ஜெராக்ஸ்காரர் மாட்டிய வாரையே மறுபடி மாட்டினார்.

"நீங்க தூங்கறீங்கன்னு நினைச்சுத்தான்" என்றார் பொத்தான் அம்மா.